ஆமை சாப்பிடாமல் விட்டால் என்ன செய்வது: திருகோணமலையில் வளர்ப்பவர்களுக்கு

கடந்த மார்கழியில் எங்கள் வீட்டு ஆமை 19 நாட்கள் எதையும் வாயில் வைக்கவில்லை. மகள் பள்ளிக்கூடம் போகுமுன் ஒருதரம், வந்ததும் ஒருதரம் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பாள். போட்ட கூனி ஊறி வெளுத்து அப்படியே மிதக்கும். நான் செய்ததெல்லாம் தீனியை மாற்றியதுதான். மூன்று விதமான பெலட் (கடையில் விற்கும் தீனி உருண்டை), உயிர்மீன், மீன் கடையில் தந்த நீலநிற மருந்துத் துளிகள் என்று நாலாயிரம் ரூபாய் போனது. பத்து நாளும் போனது. மழைக்குப் பயந்து தொட்டியை விறாந்தையிலிருந்து வீட்டுக்குள் எடுத்து வைத்தோமே, பிரச்சினை அன்றைக்கே தொடங்கியிருக்கிறது. அது தெரிய எனக்குப் பதினோரு நாள் ஆனது.

இது வெக்கையான ஊர், இங்கே ஆமைக்குச் சூடு போதாமல் போகுமா என்று நினைத்தேன். இங்கே ஆமை வாங்கும் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால்தான் படிப்படியாக எழுதுகிறேன். ஒழுங்கை மாற்றாமல் செய்யுங்கள். தீனியைப் பற்றி ஏழாவது படியில்தான் வருகிறது. வேண்டுமென்றே அங்கே வைத்திருக்கிறேன். கீழே டிகிரி என்று வருவதெல்லாம் செல்சியஸ்.

1. முதலில் அது எந்த ஆமை என்று பாருங்கள்

மீன் கடைகளில் பச்சை ஓட்டோடு குட்டியாக விற்பது சிவப்புக்காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கும். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து இனம் அது. இந்த வழிகாட்டி அதற்கு மட்டும்தான்.

சிவப்புக் கோடு இல்லாமல், கறுத்த ஓட்டின் மேல் நீளவாக்கில் மூன்று வரம்பு இருந்தால் அது நம்முடைய கறுப்பு ஆமை. வயிற்றுப் பக்கத்தில் பின்னங்காலை மூடும் தோல்மடிப்பு இருந்தால் பாலாமை. இவையும் நட்சத்திர ஆமையும் நம் கடலில் வரும் ஐந்து வகைக் கடலாமைகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. வயலில் கிடந்தது, நிலாவெளிக் கரையில் பிள்ளைகள் எடுத்து வந்தது என்றாலும் வீட்டில் வைத்திருக்க முடியாது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

கடையில் வாங்கியதென்றால் பில்லை எடுத்து வையுங்கள். பில் தராத கடையென்றால் திகதி, விலை, கடையின் பெயர் எழுதி ஒரு கையெழுத்தாவது வாங்குங்கள். வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி "எப்போ வாங்கினது?" என்பதுதான். ஆமையோடு தூரப் பயணம் போகும்போதும் அந்தத் துண்டு கையில் இருப்பது நல்லது.

2. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கீழே உள்ளவற்றில் ஒன்றைக் கண்டாலும் மற்றப் படிகளை விட்டுவிட்டு நேரே ஒன்பதாவது படிக்குப் போங்கள்.

ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துவது, அல்லது தண்ணீருக்குள் அமிழ முடியாமல் மிதப்பது. மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூச்சில் கீச்சென்ற சத்தம். இவை நுரையீரல் தொற்றின் அடையாளங்கள்.

இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருப்பது. ஓட்டில் மென்மையான அல்லது நாற்றமடிக்கும் இடம். வாய்க்குள் வெள்ளையாகப் படிவு. பின்பக்கத்தில் ஏதாவது வெளியே தள்ளியிருப்பது. பிடித்துத் தூக்கும்போது கால்களை இழுத்துக்கொள்ளாமல் துவண்டு தொங்குவது.

ஓடு 5 சென்ரிமீற்றருக்கும் குறைவான குட்டி ஐந்து நாளாகச் சாப்பிடவில்லை என்றால் அதையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். பெரிய ஆமை இரண்டு மூன்று வாரம் தாங்கும். குட்டியிடம் அவ்வளவு இருப்பு கிடையாது.

3. எடை பார்த்து எழுதி வையுங்கள்

சமையலறையில் மா நிறுக்கும் டிஜிட்டல் தராசு போதும். ஆமைக்கென்று தனியாக ஒன்று வாங்குங்கள். சமையலுக்கு வைத்திருப்பதில் ஆமையை வைக்காதீர்கள். ஏன் என்று ஆறாவது படியில் சொல்கிறேன். ஒரு பிளாஸ்ரிக் டப்பாவை வைத்துச் சுழியமாக்கி, ஆமையைத் துடைத்து அதற்குள் விட்டு நிறுங்கள். கிராம் கணக்கு வேண்டும்.

எங்களுடையதன் ஓடு 11 சென்ரிமீற்றர் நீளம். ஆவணியில் மகள் விளையாட்டாக நிறுத்துச் சுவர் நாட்காட்டியில் எழுதியிருந்தாள்: 230 கிராம். மார்கழியில் 205. அவள் எழுதிய அந்த ஒரு எண்தான் வைத்தியருக்கு எல்லாவற்றையும் விட உதவியது. பத்தில் ஒரு பங்கு எடை போய்விட்டால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை.

ஒரு கொப்பியில் நாளுக்கு ஒரு வரி எழுதுங்கள். காலைத் தண்ணீர்ச் சூடு, என்ன கொடுத்தீர்கள், தின்றதா, மலம் போனதா. வாரத்துக்கு ஒருமுறை எடை. இவ்வளவுதான்.

4. தண்ணீரின் சூட்டை அளந்து பாருங்கள்

கையை விட்டுப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லாதீர்கள். நம் உடம்புச் சூட்டுக்கு 23 டிகிரித் தண்ணீரும் 27 டிகிரித் தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். ஆமைக்கு அது இரண்டு உலகம். அதற்கு உடம்புச் சூடு என்று சொந்தமாக ஒன்றும் கிடையாது. சுற்றியிருக்கும் சூட்டை வைத்துத்தான் அதன் குடல் வேலை செய்யும். சூடு குறைந்தால் செரிமானம் மந்தமாகும். செரிக்காத இரை வயிற்றில் கிடந்து பழுதாகும் என்பதால் அது தானாகவே சாப்பாட்டை நிறுத்திக்கொள்கிறது. அந்த நேரத்தில் நாம் வாயைத் திறந்து திணித்தால் தீமைதான்.

தண்ணீர் 24 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குட்டிகளுக்கு 26க்குக் கீழே விடாதீர்கள். ஏறிக் காயும் கல் அல்லது பலகையின் மேல் 31 முதல் 34 டிகிரி வேண்டும். இந்த இரண்டாவது சூட்டைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறோம். தண்ணீர் எவ்வளவு இதமாக இருந்தாலும் மேலே ஏறிக் காய இடமில்லாத ஆமை நாளடைவில் சாப்பாட்டைக் குறைக்கும்.

இனி நம் ஊர்க் கணக்கு. வாடைக்காற்றோடு மாரி தொடங்கினால் ஐப்பசி முதல் தை வரை வெயிலை நம்ப முடியாது. நாங்கள் தொட்டியை உள்ளே எடுத்துச் சீமெந்துத் தரையில் வைத்தோம். மேலே மின்விசிறி நாள் முழுக்கச் சுழலும். விடியற்காலை அளந்தபோது 23. ஏசி போட்ட அறையில் வைத்திருப்பவர்கள் இன்னும் கீழேதான் காண்பீர்கள். 23 டிகிரி ஒன்றும் ஆமையைக் கொல்லாது. ஆனால் காயவும் இடமில்லாமல், வெயிலும் இல்லாமல் வாரக்கணக்கில் 23 என்றால் அதன் வயிறு நின்றுவிடுகிறது.

மீன் தொட்டிக்குப் போடும் ஹீட்டர் போதும். 60, 70 லீற்றர்த் தொட்டிக்கு 100 வாட் சரியாக இருக்கும். கண்ணாடிக் குழாயை ஆமை முட்டி உடைத்துவிடும். துளையிட்ட பிளாஸ்ரிக் உறைக்குள் வையுங்கள். தண்ணீர் மாற்றுமுன் கட்டாயம் பிளக்கைக் கழற்றுங்கள். நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு டிகிரியாக ஏற்றுங்கள், ஒரே நாளில் தூக்க வேண்டாம். காயும் இடத்துக்கு 40 அல்லது 60 வாட் பழைய குண்டு பல்ப் ஒன்றை ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட்டு, கல்லின் மேல் அளந்து பார்த்து, சூடு போதாவிட்டால் மெல்ல மெல்ல இறக்குங்கள். எல்.இ.டி. பல்ப் வெளிச்சம்தான் தரும், சூடு தராது. நான் முதலில் அதைத்தான் வாங்கி மாட்டினேன்.

கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் கதை மாறும். முற்றத்துத் தொட்டியில் நண்பகலில் தண்ணீர் 32ஐத் தாண்டினால் அப்போதும் ஆமை சாப்பிடாது. இன்னும் ஏறினால் செத்துப்போகும். பாதித் தொட்டிக்கு நிழல் போடுங்கள்.

சூட்டைச் சரிசெய்ததும் பசி வந்துவிடாது. மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் பொறுங்கள்.

5. கண்ணாடிக்குள்ளால் வரும் வெயில் வெயிலாகாது

ஆமையின் உடலில் டி உயிர்ச்சத்து உண்டாக யு.வி.பி. கதிர் (வெயிலில் இருக்கும் ஒருவகைப் புற ஊதாக் கதிர்) வேண்டும். அது இல்லாவிட்டால் உடம்பு சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சாது. ஓடு மென்மையாகும், தாடை பலமிழக்கும், சாப்பாடு குறையும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஜன்னலோரம் தொட்டியை வைத்துவிட்டு வெயில் படுகிறது என்று நம்பியிருந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

வெயில் உள்ள காலத்தில் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் 20, 30 நிமிடம் வெளியே வையுங்கள். அகன்ற பேசின், கால்வாசித் தண்ணீர், ஒரு பக்கம் நிழல். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைக்கவே கூடாது, சில நிமிடங்களில் வெந்துவிடும். வைத்த இடத்திலிருந்து நீங்களும் நகராதீர்கள். குட்டி ஆமையைத் தூக்கக் காகத்துக்கு ஒரு நொடி போதும்.

மாரிக்கு யு.வி.பி. விளக்கு வாங்குவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கொழும்பிலிருந்து கூரியரில் வர ஐந்து நாள் ஆனது. வெளிச்சம் அப்படியே இருந்தாலும் கதிர் குறைந்துகொண்டே போகும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும். மாட்டிய திகதியை விளக்கின் பிடியில் மாக்கரால் எழுதிவிடுங்கள்.

6. தொட்டி, தண்ணீர், கைகழுவல்

ஆமை மீனை விடப் பல மடங்கு அழுக்காக்கும். தண்ணீர் நாறினால் அது சாப்பிடாது. வாரத்துக்கு இரண்டு முறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து ஊற்றுங்கள். ஆழம் ஓட்டின் அகலத்துக்காவது இருக்க வேண்டும். குப்புற விழுந்தால் புரண்டு எழ அவ்வளவு தண்ணீர் தேவை.

அடியில் போடும் வண்ணக் கூழாங்கற்களை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஆமை அவற்றை விழுங்கும், குடல் அடைபடும். எங்களுடையதன் எக்ஸ்ரேயில் இரண்டு கல் வெள்ளையாகத் தெரிந்தது. நல்ல காலம், தானாக வெளியேறியது. கல் வேண்டுமென்றால் அதன் தலையை விடப் பெரியதாகப் போடுங்கள்.

ஆமையின் உடம்பிலும் தண்ணீரிலும் சல்மனெல்லாக் கிருமி இருக்கலாம். ஆமைக்கு ஒன்றும் செய்யாது, பிள்ளைகளுக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் வரும். 4 அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975இலேயே தடைசெய்தது இதனால்தான். தொட்டுவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். தொட்டியைச் சமையலறைச் சிங்கில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அதன் கையில் ஆமையைக் கொடுக்கவே வேண்டாம்.

7. இப்போது தீனியைப் பாருங்கள்

கடையில் குட்டியோடு சேர்த்துத் தருவது காய்ந்த கூனி. அதை மட்டுமே தின்று வளரும் ஆமைக்கு ஏ உயிர்ச்சத்துக் குறையும், கண் வீங்கும், பார்வை மறையும். இரை தெரியாததால் சாப்பிடாது. சாப்பிடாததால் இன்னும் குறையும். கூனி எப்போதாவது ஒரு நொறுக்குத்தீனிதான்.

அடிப்படைத் தீனி ஆமைக்கென்றே செய்த பெலட்டாக இருக்கட்டும். குட்டிக்கு நாள்தோறும், பெரியதற்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை. அளவு அதன் தலையளவு. பல வீடுகளில் பெரிய ஆமை "சாப்பிடவில்லை" என்பதற்குக் காரணம், நேற்றுப் போட்டது இன்னும் வயிற்றில் இருப்பதுதான். வளர வளர இலைதழையைக் கூட்டுங்கள். கங்குன், நீர்ப்பாசி, துருவிய கரட், பூசணி நல்லவை. பசளியை அடிக்கடி கொடுக்காதீர்கள்.

சாளை, சூடை மீனையே தினமும் பச்சையாகக் கொடுப்பவர்கள் இங்கே அதிகம், மலிவு என்பதால். அவற்றில் பி1 உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் இருக்கிறது. குளிரூட்டியில் வைத்தாலும் அது போகாது. இடையிடையே ஒரு துண்டு என்றால் பரவாயில்லை. கருவாடு, சோறு, பாண் எதுவும் வேண்டாம். சுண்ணாம்புச் சத்துக்குக் கடையில் காசு கொடுக்கத் தேவையில்லை. உப்புவெளிக் கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் சில நாள் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்து, காயவிட்டுத் தொட்டியில் ஒரு துண்டு போடுங்கள்.

பட்டினி கிடக்கும் ஆமைக்கு ஆசை காட்டும் முறை இது. சூடு சரியான பிறகு, காலையில், வேறொரு பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி அதற்குள் விடுங்கள். ஆமை தண்ணீருக்குள்தான் விழுங்கும், தரையில் வைத்து ஊட்டாதீர்கள். மருந்தடிக்காத மண்ணில் எடுத்த மண்புழு ஒன்றைப் போடுங்கள். நெளிவதைப் பார்த்தால் பல ஆமைகள் பாய்ந்து பிடிக்கும். அரை மணி நேரம் பாருங்கள். தொடவில்லையென்றால் எடுத்துவிட்டு அடுத்த நாள் வரை விடுங்கள். பக்கத்தில் நின்று குனிந்து பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டாம்.

புதிதாக வாங்கி வந்த ஆமை ஒன்றிரண்டு வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது வழமை. கையில் எடுக்காமல் விட்டாலே சரியாகிவிடும்.

8. பெண் ஆமையா?

முன்னங்கால் நகம் குட்டையாக, வால் சிறியதாக இருந்தால் பெண். ஆண் இல்லாமலே முட்டை உண்டாகும். பெண் சாப்பாட்டை நிறுத்தி, ஓயாமல் சுற்றி, பின்னங்காலால் தோண்டுவதுபோல் செய்தால் முட்டையிட இடம் தேடுகிறது. ஈர மணல் ஓரடி ஆழத்துக்கு நிரப்பிய பெட்டி ஒன்றில் விட்டுத் தனிமை கொடுங்கள். இடம் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கிவிடும். சோர்ந்து போனால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

9. மிருக வைத்தியரிடம் போகும்போது

பிரதேசத்தில் இருக்கும் அரச கால்நடை வைத்திய அலுவலகம் பெரும்பாலும் மாடு, ஆடு, நாய் பார்க்கும் இடம். இருந்தாலும் முதலில் அங்கே கேளுங்கள், வழிகாட்டுவார்கள். ஊர்வனவுக்குப் பழக்கமான ஆட்கள் வேண்டுமென்றால் கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. எங்களை அங்கேதான் போகச் சொன்னார்கள்.

கொண்டுபோக வேண்டியவை: கொப்பி, பில், முன்பு கொடுத்த மருந்துகளின் உறை, தொட்டியின் நாலைந்து படங்கள் (ஹீட்டர், விளக்கு, அடித்தளம் தெரிய), தீனி டப்பாவின் படம். அன்று காலை மலம் போயிருந்தால் சிறு போத்தலில் அடைத்து எடுங்கள். புழு இருக்கிறதா என்று பார்க்க அது வேண்டும்.

போகுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். போயா விடுமுறையைப் பாருங்கள். மார்கழியில் போயாவும் நத்தாரும் வார இறுதியும் சேர்ந்து ஒரு வாரமே போய்விடும். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கண்டிக்கு பஸ்ஸில் ஐந்தாறு மணித்தியாலம். நாங்கள் முதல் நாளே போய்த் தங்கி, காலையில் முதல் ஆளாக நின்றோம். விடியப் புறப்பட்டுப் போனால் மதியமாகிவிடும், பரிசோதனைகள் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகலாம். ஆமையைத் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். காற்றுத் துளையிட்ட டப்பா, அடியில் ஈரத் துவாய், மேலே ஒரு துணி. மலையேறினால் குளிரும், டப்பாவை மடியில் வைத்திருங்கள்.

இனிச் சொல்வதை மனதில் வையுங்கள். ஐவர்மெக்டின் என்ற புழுமருந்து மாட்டுக்கும் நாய்க்கும் சர்வசாதாரணமாகப் போடுவது. ஆமைக்கு அது நஞ்சு. கைகால் செயலிழந்து செத்துப்போகும். முதலில் நாங்கள் போன ஓரிடத்தில் அந்த ஊசியைப் போடலாம் என்றார்கள். அன்று மருந்து முடிந்திருந்ததால் எங்கள் ஆமை தப்பியது. எந்த ஊசி என்றாலும் பெயரைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. கண் வீக்கத்துக்கு ஏ உயிர்ச்சத்து ஊசியும் அளவு கூடினால் தோல் உரிந்துவிடும். எடையைச் சொல்லி அளவைக் கணக்கிடச் சொல்லுங்கள். மனிதருக்கான அன்ரிபயொட்டிக்கை உடைத்துத் தண்ணீரில் கலக்கும் வேலை வேண்டாம்.

எனக்கு ஆன செலவு: உள்ளூரில் பார்த்ததற்கு ரூ. 1,500, கண்டிப் பயணம் இருவருக்கும் ரூ. 6,000, எக்ஸ்ரே, பரிசோதனை, மருந்து ரூ. 7,500. சாமான்கள் ரூ. 12,550. அதில் பாதிக்கு மேல் யு.வி.பி. விளக்கு மட்டும் ரூ. 6,500. மிச்சம் ஹீட்டர், வெப்பமானி, பல்ப், தராசு. முதலிலேயே 450 ரூபாய் வெப்பமானியை வாங்கியிருந்தால் கண்டிச் செலவு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

10. திரும்பச் சாப்பிடத் தொடங்கியபின்

பதினோராம் நாள் தண்ணீரை அளந்து சூடேற்றத் தொடங்கினோம். பதினான்காம் நாள் பேராதனை. இருபதாம் நாள் காலை அரை மண்புழு தின்றது. மகள் அன்று பள்ளிக்குப் பிந்திப் போனாள். இந்தக் கட்டத்தில் பாசத்தில் அள்ளிப் போடாதீர்கள். வழமையின் கால்வாசியிலிருந்து தொடங்கி ஒரு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். எடை பழையபடி வர எங்களுக்கு ஏழு வாரம் ஆனது.

வளர்க்க முடியாது என்று தோன்றினால் குளத்திலோ கோயில் கேணியிலோ விட்டுவிடாதீர்கள். உலகில் மிக மோசமாகப் பரவிய நூறு அந்நிய இனங்களின் பட்டியலில் இந்த ஆமையும் உண்டு. நம் பாலாமைக்கும் கறுப்பு ஆமைக்கும் இருக்கும் இடத்தையும் இரையையும் அது பிடித்துக்கொள்ளும். பெண் ஆமை ஒரு சாப்பாட்டுத் தட்டளவுக்கு வளரும், இருபது முப்பது வருடம் வாழும். வாங்குமுன் இதைச் சொல்ல எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. விட வேண்டிவந்தால் பொறுப்பான வேறொரு வளர்ப்பாளரைத் தேடிக் கொடுங்கள்.

புரட்டாதி முடியுமுன் ஹீட்டரை ஒரு நாள் போட்டுச் சோதியுங்கள், குண்டு பல்ப் இரண்டு வாங்கி வையுங்கள், விளக்கின் பிடியில் எழுதிய திகதியைப் பாருங்கள். மாரி தொடங்கியபின் தேடினால் கூரியர் வரும்வரை ஆமை காத்திருக்க வேண்டும்.